எஸ்தெராவின் ‘ஆகவே’

“அந்தத் திருடன் பேரையா வாசல்ல பொறிச்சு வெச்சிருக்கீங்க?”

பல்கலைக்கழகக் கட்டடத்தின் மாடியேறி வந்த மூச்சிரைப்போடு கேட்டார் லேயோன். வயது எழுபத்தாறு. போலந்துத் தலைநகர் வார்சாவை விட்டுப் போனவர், அறுபது வருடம் கழித்து இன்றுதான் வந்திருக்கிறார்.

“உட்காருங்க ஐயா. டீ ஆறிடும்,” என்றாள் ஆய்வாளர் டனூட்டா. மூன்று வருடக் கடிதப் பழக்கம். முகம் பார்ப்பது இப்போதுதான்.

லேயோனின் அக்கா எஸ்தெரா, பேராசிரியர் ஸ்கவ்ரோனிடம் தர்க்கவியல் படித்தவள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை மதிலுக்குள் அடைத்தபோது, தன் நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பவில்லை. போர் முடிந்ததும் ஸ்கவ்ரோன் ஒரு நூல் வெளியிட்டார். உலகம் கொண்டாடியது.

“பதினேழு வயசுல அவருக்குக் கடிதம் போட்டேன். ‘நோட்டு எரிஞ்சுபோச்சு. ஆதாரம் எங்கே தம்பி?’ன்னு பதில் எழுதினார். திருட்டு ரத்தம்மா அந்தக் குடும்பம்!”

டனூட்டா சில தாள்களை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உங்க அக்கா பேர்ல அச்சான கட்டுரை நாலு. அவரோடது இருபத்தாறு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். நிரூபணத்தில யார் எந்தப் படியைச் சொல்லாம தாண்டுறாங்க, ‘ஆகவே’யை எங்க போடுறாங்கன்னு எண்ண வெச்சேன். அப்புறம் அந்த நூலைக் கொடுத்தேன். அம்பத்திரண்டு நிரூபணத்தில நாற்பத்தொன்பது உங்க அக்கா எழுத்து.”

அவர் தாளைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்.

“மிச்சம் மூணு?”

“அவரோடது. மூணுலயும் தப்பு இருக்கு.”

சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார்.

“இது வெளியில வருமா அம்மா?”

“அடுத்த மாசம் கட்டுரை வருது. அந்த நூலும் உங்க அக்கா பேர்லயே மறுபடி அச்சாகுது.”

“ஸ்கவ்ரோன் வாரிசுங்க விடுவாங்களா? கோர்ட்டுக்கு இழுப்பாங்க. அவங்க சம்மதம் வேணுமே?”

“கையெழுத்துப் போட்டாச்சு ஐயா.”

“அந்தக் குடும்பத்திலயா? யாரு?”

டனூட்டா எழுந்து வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

“அதில மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான். அவர் என் தாத்தா.”