வலது கால் குறைந்த கதை

கூடைப்பந்து உள்ளரங்கில் தரை துடைக்கும் அம்மாளிடம், சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் கேட்டுக் குறித்தது. சம்பவத்தின்போது தாம் வாளியோடு அங்கேயே நின்றதாகச் சொன்னார்.

“நாலு பேர் முன்னாடி என் பொண்ணை உட்கார வெச்சு அசிங்கப்படுத்துறீங்களே, நியாயமா சார்?”

பயிற்சியாளரின் முகத்துக்கு நேரே ஒரு தாளை ஆட்டினார் அந்தத் தாய். மகளுக்குப் பதினான்கு வயது. குழுவில் ‘கொக்கு’ என்று அழைப்பார்கள். மறுநாள் இறுதி ஆட்டம். பெரிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள்.

அக்குழுவில் ஒரு விதி உண்டு. ஒற்றைக் காலால் தாவி, அதே காலில் தள்ளாடாமல் இறங்க வேண்டும். இரு கால்களும் தாவும் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பயிற்சி மட்டுமே, ஆட்டம் கிடையாது.

“போன மாசம் இடது கால்ல பலமில்லேன்னீங்க. சரின்னோம். ஒரு மாசமா பந்தைத் தொடவிடாம, கண்ணாடி முன்னாடி ஒத்தக்கால்ல குதிக்க வெச்சீங்க. இப்ப வலது நூத்தி முப்பது, இடது நூத்தி இருபத்தெட்டு. உங்க கையெழுத்துதானே இது?”

“அம்மா, கொஞ்சம் பொறுமையா…”

“என்ன பொறுமை? வேற யார் வீட்டுப் பொண்ணுக்கோ இடம் பிடிச்சு வெச்சிட்டு, என் காதுல பூ சுத்துறீங்களா?”

“அதானே!” என்றார்கள், அங்கிருந்த மற்ற பெற்றோர்.

பயிற்சியாளர் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“போன மாசம் வலது நூத்தி அறுபது, இடது நூத்தி இருபத்தாறு. இடது ரெண்டு சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கு. நல்லா இருந்த வலதுதான் முப்பது இறங்கியிருக்கு. இந்த இடது காலை நம்பி நாளைக்கு எகிறிக் குதிச்சான்னா முட்டி போயிடும்மா.”

கொக்கின் பக்கம் திரும்பினார். “வலது கால்ல வேணும்னே கம்மியா குதிச்சியா?”

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

கொக்கு தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“நீயே சொல்லிடும்மா.”

இதே சம்பவத்தை வேறு இருவர் சொல்லும் வடிவத்தில் கொக்கிடம் இந்தக் கேள்விகள் கேட்கப்படவே இல்லை. தாயின் கூச்சலுக்குப் பயிற்சியாளர் பணிந்தார், கொக்கு ஆடினாள், பாதி ஆட்டத்தில் இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. மருத்துவமனை வாசலில் அந்தத் தாய் அவரது சட்டையைப் பிடித்துக் கேட்டாராம்:

“நீங்க ஏன் சார் தடுக்கலை?”