பட்டியலில் விட்டுப்போன பெயர்

“டபிள்யூ, ஏ, கே, இ, யூ, பி... வேக்கப்! கெர்னல் பட்டியல்ல அந்தப் பேரு இல்ல. நான்தான் சேர்க்காம விட்டுட்டேன்!”

பழவேற்காடு தபாலாபீசில் நின்றுகொண்டு போனில் கத்தினாள் மெஹருன்னிசா. கை நிறைய மருதாணி. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ்.

போஸ்ட்மாஸ்டர் பிலோமினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஹருன்னிசா வேலை பார்க்கும் மெட்ராஸ் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ட்ரங்க் கால் வந்ததும், ஆள் அனுப்பிச் சொன்னது அவள்தான். கல்யாணப் பெண் இப்படி விழுந்தடித்து ஓடிவருவாள் என்று யார் கண்டது?

“இன்னாது? எல்லாத்தையும் தொறந்து விடறதா? வாணாம்! கண்டதும் உள்ள பூந்து மெஷினையே படுக்க வச்சிடும். அந்த ஒரு பேரை மட்டும் சேருங்க. கெர்னலைப் புதுசா தயார் பண்ணி, மறுபடி ஏத்திப் பாத்துட்டுக் கூப்பிடுங்க.”

போனை வைத்தவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு இன்னாம்மா இதெல்லாம்?” என்றாள் பிலோமினா.

“கெர்னல்னா கம்ப்யூட்டரோட அடிப்படை ப்ரோக்ராம், அக்கா. அது ஓடும்போதே வேற சின்ன ப்ரோக்ராமைக் கொண்டாந்து அதோட சேர்க்கலாம். அப்படி வர்றது, கெர்னல் கிட்ட எந்தெந்த வேலையைக் கேக்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. பட்டியல்ல இல்லாததைக் கேட்டா உள்ளயே விடாது. வேக்கப்ங்கறது அப்படி விட்டுப்போன ஒரு வேலையோட பேரு. மெஷினை வாங்கறவங்க இன்னிக்குப் பாக்க வர்றாங்க.”

“அதுக்கு உன்னை வுட்டா ஆளே இல்லியா?”

“பட்டியலை எழுதுனது நானாச்சே!”

அரை மணி நேரம் போயிற்று. போன் அடிக்கவில்லை. அம்மா ஜைனம்பு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“இன்னாடி ஆச்சு? வந்தவங்கள்லாம் கேக்குறாங்க. உங்க வாப்பா வாசல்ல குறுக்கும் நெடுக்குமா நடந்துக்கினு இருக்காரு.”

“கொஞ்சம் இரு உம்மா!”

பிலோமினாவுக்குப் பகீரென்றது. வேலைப் பைத்தியத்தில் இந்தப் பெண் கல்யாணத்தையே கோட்டை விடப் போகிறாளே! மாப்பிள்ளை வீட்டார் இந்தக் கோலத்தில் பார்த்தால் என்ன ஆகும்?

போன் அலறியது. மெஹருன்னிசா பாய்ந்து எடுத்தாள்.

“ஏறிடுச்சா? நல்லா ஓடுதா?... அல்ஹம்துலில்லாஹ்!” அவள் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப மானேஜர் கிட்ட சொல்லிட்டு உடனே பஸ் புடிங்க. மாப்பிள்ளை நீங்க அங்கயே உக்காந்திருந்தா, இங்க நிக்காஹ் எப்படி நடக்கும்?”