மிஷினுக்குக் காது கேட்காத நாள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காது கேட்காத மிஷினோடு ஒருவன் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை.

“செமிகோலன். செ-மி-கோ-லன். கேக்குதா இல்லியா உனக்கு?”

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் முன்னறையில் பாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். தலையில் ஹெட்போன், வாய்க்கு நேராகக் குட்டி மைக், வலது கையில் மாவுக்கட்டு.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் சிரிலின் குரல் வந்தது. “யார்ரா பாரி அவன், செமிகோலன்? நானும் வரட்டா?”

“சும்மா கெட சிரிலு. மிஷினாண்ட பேசறான்,” என்றாள் பாரியின் அம்மா நாகம்மா.

பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்ததும், வீட்டிலிருந்தே புரோகிராம் எழுது என்று பெங்களூர் ஆபீஸ்காரர்கள் இந்தக் கம்ப்யூட்டரை அனுப்பியிருந்தார்கள். வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. நேற்றுவரை தப்பும் தவறுமாகவாவது எழுதியது. இன்று காலையிலிருந்து ஒரு வரி உருப்படியாக வரவில்லை. தினமும் பெங்களூர் போய்வரும் சிரில், புரோகிராம் ஏற்றிய ஃப்ளாப்பியை நாளைக் காலை ரயிலில் கொண்டுபோய் ஆபீசில் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் பாரியின் வேலை இன்னொருவனுக்குப் போய்விடும்.

ஒயர்களைப் பிடுங்கிச் செருகினான். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். தொண்டைக்கு வெந்நீர் குடித்தான். “இஃப்” என்றான். திரையில் சம்பந்தமே இல்லாமல் ஏதோ நெளிந்து நின்றது.

சமையற்கட்டிலிருந்து பாரியின் பெண்டாட்டி மாயா கேட்டாள். “அத்தை, யாரோ சாப்பிடறாங்களா இல்லியான்னு கேளுங்க. கொழம்பு ஆறிக்கினு இருக்குது.”

“யாருக்கோ பசியில்லன்னு சொல்லும்மா,” என்றான் பாரி.

“ஒரே வூட்டுல இருந்துக்கினு எனக்கு இன்னாத்துக்கு இந்தத் தபால்காரி வேல?” என்றாள் நாகம்மா.

போன வாரம் மாயாவை ஒரு வார்த்தை கேட்காமல், பெங்களூரில் வீடு பேசி முடித்துவிட்டான் பாரி. பக்கத்திலிருக்கும் ஆண்டர்சன்பேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள் மாயா. “நான் இன்னா உங்க சூட்கேஸா, தூக்கிக்கினு போறதுக்கு?” என்று கேட்டவள் அதோடு பேச்சை நிறுத்தினாள். அவனும் வீம்புக்கு நிறுத்தினான்.

இடது கையால் கோழி கொத்துவதுபோல் கொத்திப் பார்த்தான். ஒரு வரி அடிப்பதற்குள் அடுத்த வரி மறந்துபோயிற்று. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தான்.

“இது செத்துப்போச்சும்மா. என் வேலயும் சேந்து போச்சு.”

“கட்டு உன் கையிலதான. அவ கையி நல்லாத்தான இருக்குது?”

“அவ வரமாட்டா.”

“கேட்டியா?”

பாரி எழுந்தான். போய்ச் சமையற்கட்டு வாசலில் நின்றான்.

“மாயா.”

“அத்தை, யாரோ கூப்பிடறாங்க பாருங்க.”

“அத்தைய விடு, உன்னத்தான். நாளைக்கு ரயிலுக்கு இது போவணும். நான் சொல்றேன், நீ அடிக்கிறியா?”

மாயா அடுப்பைச் சின்னதாக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“இஃப்,” என்றான். “ஓ…பன் பிரா…க்கெட்.”

“ஏன் இழுக்கறீங்க? நான் மிஷின் இல்ல.”

அவன் வேகத்தைக் கூட்டினான். அவள் விரல்கள் அவன் வாயைத் துரத்திப் பிடித்தன. ஒரு பக்கம் முடிந்தது. இன்னொரு பக்கம் ஆரம்பித்தது.

“நெக்ஸ்ட் லைன். ரிட்டர்ன்.”

“அந்த வூட்டுல ஜன்னல் இருக்குதா?”

“இருக்குது. ரோட்டுப் பக்கமா. செமிகோலன்.”

“கிட்ட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் எதுனா?”

“பாக்கல.”

“அதுகூடப் பாக்காம வூடு பேசிட்டு வந்தீங்க.”

“தப்புதான். க்ளோஸ் பிராக்கெட்.”

“எதுக்கு க்ளோஸ்? தப்புக்கா, புரோகிராமுக்கா?”

“ரெண்டுத்துக்கும்,” என்றான் பாரி. “அடுத்த ஞாயித்துக்கெழம நீயும் வந்து பாரு. உனக்குப் புடிச்சாத்தான் அந்த வூடு. இல்லன்னா கை சேந்ததும் சிரிலு மாதிரி தெனம் ரயில்ல போய் வரேன்.”

மாயா பிராக்கெட்டை மூடினாள். முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, “சாப்புட்டு வந்து மிச்சத்தச் சொல்லுங்க. பசியில பாதி எழுத்த முழுங்கறீங்க,” என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டு போட்டு உட்கார்ந்தார்கள். நாகம்மாவை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகவே பக்கத்து வீட்டுக்கு ஃப்ளாப்பியைக் கொடுக்கப் போனார்கள். போனவர்கள் சிரில் வீட்டு வாசலிலேயே நின்று, பெங்களூர் வீட்டு ஜன்னலுக்கு என்ன திரை போடலாம் என்று வாக்குவாதம் செய்வது சுவர் தாண்டிக் கேட்டது.

நாகம்மா முன்னறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். மைக்கின் மேலிருந்த கறுப்பு ஸ்பாஞ்சைக் கழற்றி, விடியற்காலையில் தான் உள்ளே வைத்து அப்பியிருந்த ராகிக்களியை, கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள்.

உங்கள் வீட்டிலும் பேச்சு ஓயாமல் இருக்கட்டும், கண்ணுகளா. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.