கன்ஃபர்ம் ஆன அறை

"உங்க பேர்ல ரூமே இல்லீங்க சார்" என்றார் ஓட்டல் வரவேற்பு மேஜைக்காரர்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி பதறவில்லை. எந்தக் கட்டடத்திலும் நுழைவதற்கு முன்பே வெளியேறும் வழியைத் தேடி வைக்கிறவர் அவர். பையைத் திறந்தார். ஒரு கழுதை சுமக்க வேண்டிய காகிதக் கட்டு, மேஜையில் தொப்பென்று விழுந்தது.

"இது புக்கிங் வெப்சைட் அனுப்பின கன்ஃபர்மேஷன். இது அதோட நகல். இது நகலோட நகல். உங்க ஓட்டலைப் பத்தி நானூத்திப் பன்னெண்டு பேர் எழுதினதை ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். மூணாவது மாடிக் குழாய் சொட்டுறதுகூடத் தெரியும்!"

"அதை மாத்தியாச்சு சார். ஆனா அந்த வெப்சைட்லேர்ந்து எங்களுக்கு ஒரு தகவலும் வரலையே."

"அவங்க கஸ்டமர் கேர்ல நாலு தடவை பேசினேன். நாலு தடவையும் 'கவலையே படாதீங்க'ன்னாங்க!"

"எங்ககிட்ட ஒரு தடவை பேசியிருக்கலாம் சார்."

அதிகாரிக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஓரத்து சோபாவில் அவர் மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாவகாசமாகப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். "ஏங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. லிஃப்ட்டே நின்னுடப் போகுது."

"நீ சும்மா இரு. எல்லாம் என் கட்டுப்பாட்டுல இருக்கு" என்றவர், மேஜைக்காரர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நாளைக்குக் காலையில எதிர்க் கட்டடத்துல என் பொண்ணு பட்டம் வாங்கறா. ஊர்ல வேற எங்கேயும் ரூம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல படுத்து எழுந்து, கசங்கின சட்டையோட அவ முன்னாடி எப்படிப்பா போய் நிக்கறது?"

மேஜைக்காரர் இளகினார். "ஒரே ஒரு ரூம் இருக்கு. ஆனா ஒரு அம்மா போன வாரமே எங்களுக்கு நேரா போன் பண்ணிப் பிடிச்சு வெச்சுட்டாங்க."

"வந்துட்டாங்களா?"

"இன்னும் சாவி வாங்கிக்கலை."

"மணி ஆறாச்சு! சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாத ஜென்மத்துக்கு ரூம் எதுக்கு? எடுங்க சாவியை!"

"முடியாது சார். மத்தியானம்கூடப் பேசினாங்களே."

"என்னன்னு?"

மேஜைக்காரர் சிரிப்பை மென்று விழுங்கினார்.

"'எங்க வீட்டுக்காரர் முதல்ல வந்து உங்ககிட்ட ஒரு கால் மணி நேரம் சண்டை போடுவாரு, அவர் முடிச்சதும் நான் வந்து சாவி வாங்கிக்கறேன்'னு சொன்னாங்க சார்."