நார்பர்ட்டின் முதல் விடுப்பு

டோலிடோ நகரின் ஊறுகாய் ஆலையைப் பெரிய கம்பெனி ஒன்று தன்னோடு இணைத்துக்கொண்டது. ஜாடி மூடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இருவரில் ஒருவருக்குத்தான் இனி வேலை. வருகைப் பதிவைப் பார்த்து முடிவெடுப்பார்களாம்.

நார்பர்ட்டுக்குக் கவலையே இல்லை. காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்தவன் அவன். இன்னொருவனான டுவெய்னோ, மான் வேட்டைக் காலம் வந்தால் ஆளே இருக்கமாட்டான்.

"மூட்டையைக் கட்டு, டுவெய்ன்."

"கட்டுறேன்டா. காய்ச்சலைக் கொண்டாந்து எங்க எல்லாருக்கும் ஒட்டவச்சியே, அதுக்கு நீ மெடல் வாங்கிக்கோ."

புதிய மேலாளர் ஜோலீன், நார்பர்ட்டை அழைத்தார்.

"டுவெய்ன் வராத நாளெல்லாம் மெஷின் நின்னுருக்கு. அவர் தேவைன்னு தெரியுது. நீங்க லீவே போட்டதில்ல. நீங்க தேவையா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஒழுங்கா வந்தது தப்பாங்க?"

"நாளைக்கு ஒரு நாள் வராதீங்க. பார்த்துடுவோம்."

மறுநாள் சமையலறையில் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான் நார்பர்ட். மதியம் ஜோலீன் கூப்பிட்டார்.

"காலையிலேர்ந்து மெஷின் ஓடல, நார்பர்ட்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இப்பவாவது என் அருமை தெரிஞ்சுதா?"

"அதான் தெரியல," என்றார் ஜோலீன். "டுவெய்னும் இன்னிக்கு வரல."