நாற்பத்தோராவது பெயர்

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலைக் கணினியில் பராமரிப்பவள் எழிலரசி. அதில் நாற்பத்தோராவது பெயர் அவள் கணவன் சபாபதியுடையது. பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்குத் திரும்பினாள். அந்த வரியை யாரும் தொட்டிருக்கவில்லை.

"நான் மாத்திடவா அக்கா?" என்றாள் பக்கத்து இருக்கை நூர்ஜகான்.

"வேணாம்மா. நானே பண்றேன்."

'காத்திருக்கிறார்' என்பதை அழித்து 'இறந்துவிட்டார்' என்று அடித்தாள். இனி வேறு வரியைத் தொட்டால் போதும், தானாகவே பதிந்துவிடும். 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

தொலைபேசி அடித்தது. நாற்பத்திரண்டாவது ஆள்.

"மேடம், என் முறை ஏதாச்சும் நகர்ந்திருக்குங்களா?"

அவருடைய வரியைச் சொடுக்கினாள். சபாபதி மறைந்துபோக, கீழே இருந்தவர்கள் எல்லாரும் மேலே ஏறினார்கள்.

"ஆமாங்க. ஒரு இடம் முன்னாடி வந்திருக்கீங்க."

அவர் சந்தோஷத்தில் அழுதார். அழுது முடிக்கும்வரை அவள் தொலைபேசியை வைக்கவில்லை.