பத்துக்கு ஒரு டிங்

"நேத்து மொத்தம் எவ்வளவு மேடம்?"

நாற்காலியில் உட்காரும் முன்பே தையல்காரர் கேட்டுவிட்டார். பத்து நாளாக, கடை திறக்கப் போகும் வழியில் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வந்து அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"இருநூத்திப் பன்னிரண்டு," என்றாள் ஆய்வு மாணவி, திரையைப் பார்த்தபடி.

"அடேங்கப்பா! இருநூறைத் தாண்டியாச்சா!" அவர் முகம் பூரித்துப்போனது.

அவள் அந்த எண்ணை மறுபடி பார்த்தாள். அவசர அவசரமாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளில் எத்தனை தடவை மெல்கிறார்கள், நிதானமாக மென்றால் பசியும் கோபமும் அடங்குகிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. இருபது பேருக்கு ஆளுக்கொரு கருவி. தலையைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, காதோரம் பொத்தான் அளவில் ஓர் உணர்வி. சாப்பிடும்போது மாட்டிக்கொண்டால் போதும். தாடை அசைவதை எண்ணும். பத்து தடவை மென்றால் 'டிங்' என்று ஒலிக்கும். இரவில் கணக்கைத் தானே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடும்.

மற்ற பத்தொன்பது பேரில் யாரும் ஆயிரத்துக்குக் குறையவில்லை. முதல் நாள் சரியாகத்தான் இருந்தது; மறுநாள் தையல்காரர் மென்றது ஆறே தடவை.

பட்டினி கிடக்கிறாரா என்பதை எப்படிக் கேட்பது என்று தெரியாமலே நாட்களைக் கடத்திவிட்டாள். நேற்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அந்தக் கருவியை வாங்கிட்டு வேற ஆளைப் போடும்மா."

"அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கோம். ஏன் மேடம்?"

அவர் தினமும் எழுதித் தரும் சாப்பாட்டு நோட்டை அவள் திறந்தாள். "திங்கள், வாழைப்பழம் ஒரு துண்டு. செவ்வாய், பிஸ்கட் பாதி. புதன், பிஸ்கட் ஒண்ணு. இதைச் சாப்பிட்டுட்டு ஒரு மனுஷன் நாள் முழுக்க எப்படி மெஷினை மிதிக்க முடியும்?"

"புதன்கிழமை முழு பிஸ்கட் மேடம்," என்றார் அவர், ஏதோ பரிசு வாங்கியது போல.

அவள் பைக்குள் கைவிட்டு, மதியத்துக்கு வைத்திருந்த பன்னை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள். "முதல்ல இதைச் சாப்பிடுங்க."

"அய்யய்யோ, எனக்கெதுக்கு? என் தொப்பையைப் பார்த்தா பட்டினி கிடக்கிறவன் மாதிரியா இருக்கு?"

"சாப்பிடுங்கண்ணா."

மறுக்க முடியாமல் எடுத்தார். மூன்றே வாய். பன் போன இடம் தெரியவில்லை.

"பன்னிரண்டு தடவை மென்னிருக்கீங்க," என்றாள் அவள். "எண்ணி எண்ணி எனக்குப் பழகிப்போச்சு. ஒரு பன்னுக்கே பன்னிரண்டுன்னா, அன்னைக்கு ஒரு நாள் முழுக்க ஆறு எப்படி வந்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப கருவிதான் கெட்டுப்போயிருக்கு. குடுங்க, வேற தர்றேன்."

"வேண்டாம் மேடம்!" குரல் சட்டென்று உயர்ந்துவிட்டது. "இது நல்லாத்தான் எண்ணுது. ராத்திரியில நானும் கூடவே எண்ணுறேன். ஒண்ணுகூட விடறதில்ல."

"பேராசிரியர் வாங்கியே ஆகணும்னுட்டார். என் கையில எதுவும் இல்லண்ணா."

"ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் விட்டுக் குடுங்க. அதுக்கப்புறம் நானே கொண்டுவந்து வெச்சுடறேன். ஆயுசுக்கும் உங்களுக்குக் கூலியில்லாமத் தைச்சுத் தர்றேன் மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்ததும் வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவருடைய வலது கை சட்டைப் பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"சரி. இப்ப ஒரு தடவை மாட்டிக் காட்டுங்க," என்றாள் தணிந்த குரலில். "சும்மா மெல்லுங்க, நானும் எண்ணுறேன். கணக்கு சரியா வந்தா பேராசிரியர்கிட்ட நானே கெஞ்சிப் பார்க்கிறேன். போதுமா?"

தையல்காரர் பையிலிருந்து கருவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதற்கு மேல் அவர் கை நகரவில்லை.

அவளே எழுந்து வந்து, பட்டையை விரித்து அவர் தலையில் மாட்டினாள். இறங்கவில்லை. உச்சியிலேயே ஒரு குல்லாய் போல நின்றது. இழுத்துப் பார்த்தாள். ம்ஹூம்.

எடுத்துத் திருப்பினாள். பட்டையின் பின்பக்கம் மூன்று விரல் அளவுக்கு உள்ளே மடிக்கப்பட்டு, நுணுக்கமான தையலால் குறுக்கப்பட்டிருந்தது. தையல் தெரியாமலிருக்க அதன்மேல் மஞ்சள் நூலில் ஒரு வாத்துக்குஞ்சு.

"இது… யாருக்கண்ணா?"

"என் பொண்ணுக்கு மேடம். நாலு வயசாகுது. பொறந்ததுல இருந்து வயித்துல குழாய் வெச்சுத்தான் ஆகாரம். வாயில எதை வெச்சாலும் துப்பிடுவா. முதல் நாள் நான் சாப்பிடும்போது இது சத்தம் போட்டதைப் பார்த்துட்டு, எனக்கும் மாட்டுன்னு ஒரே அடம். மாட்டிவிட்டதும், அந்த டிங் சத்தத்தைக் கேக்கறதுக்காகவே மெல்ல ஆரம்பிச்சுட்டா." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இதே மாதிரி இன்னும் ஒரு வாரம் மென்னு முழுங்கினா, குழாயை எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."